கென்னடியில் ரயில் மாறுவது: எந்த வடிவம் நமக்கு வேண்டும்?

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் கிழக்கில் இருப்பவர்களுக்கு சப்வே (நிலத்தடி ரயில்) என்றால் கென்னடி ஸ்டேஷன்தான். மால்வேர்ன், மோர்னிங்சைட், கிங்ஸ்டன் ரோட் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, உள்ளே போய், கீழே இரண்டாம் தடத்து ரயிலைப் பிடிக்கிறார்கள். எக்லின்டன் கிழக்கு எல்ஆர்டி என்ற இலகு ரயில் தடம் கட்டப்பட்டால் அந்தப் பஸ்களில் பலவற்றின் வேலையை இலகு ரயில் செய்யும். ஆனாலும் கென்னடியில் இறங்கி மாறத்தான் வேண்டும்.

முதலில் நினைத்தது வேறு. ஐந்தாம் தடமான எக்லின்டன் எல்ஆர்டியையே கென்னடியைத் தாண்டிக் கிழக்கே நீட்டுவதாக இருந்தது. அப்புறம் ஸ்காபரோ சப்வே நீட்டிப்பு வந்தது: 7.8 கிலோமீட்டர், மூன்று புதிய ஸ்டேஷன்கள். கென்னடியைவிட்டுப் புறப்படும் அதன் சுரங்கம் எல்ஆர்டி போக வேண்டிய பாதையை மறித்தது. இரண்டு எல்ஆர்டிகளையும் ஒரே தடமாக்க வேண்டுமென்றால் இன்னும் ஆழத்தில் சுரங்கம் தோண்ட வேண்டும், அதற்குப் பெரும் செலவு. ஆகவே நகரசபை இப்போது வரைந்திருப்பது தனித் தடம். கென்னடியில் நிலமட்டத்தில் தொடங்கி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் வழியாக மால்வேர்ன் போகும்.

கென்னடியில் எல்லாரும் இறங்கியே ஆக வேண்டுமென்றால் இந்த ரயில் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். எனக்கு அந்தளவு மனக்கசப்பு இல்லை. ரொறன்ரோவில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறித்தான் வேலைக்குப் போகிறார்கள். மாறும் இடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம், எத்தனை படி ஏறுகிறோம், எவ்வளவு நேரம் குளிரில் நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் அந்தப் பயணம் லேசாகவும் பாரமாகவும் தெரிகிறது. போக்குவரத்துத் திட்டமிடுபவர்களும் நடக்கும் நிமிடத்தையும் காத்திருக்கும் நிமிடத்தையும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கிடுவது வழக்கம். பயணிகளின் மனம் அப்படித்தான் எண்ணுகிறது. ஆகவே கென்னடியின் வரைபடத்தில் நாம் பார்க்க வேண்டிய முதல் இடம், இலகு ரயிலுக்கும் சப்வேக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு தூரம்.

இதே ஸ்டேஷனில் இது ஒருமுறை தவறாகச் செய்யப்பட்டிருக்கிறது. 1980 நவம்பரில் சப்வே கென்னடிக்கு வந்தது. 1985 மார்ச்சில் அங்கிருந்து ஸ்காபரோ ஆர்டி என்ற சிறு ரயில் ஓடத் தொடங்கியது. சப்வே நிலத்துக்கு அடியில், ஆர்டி கட்டடத்தின் உச்சியில். ஆர்டியில் வந்தவர் சப்வேக்குப் போக மேல்தளத்திலிருந்து அடித்தளம்வரை இறங்க வேண்டும். மாலையில் களைத்துப்போய்த் திரும்பும்போது அதே உயரத்தை ஏற வேண்டும். ஒரு எஸ்கலேட்டர் பழுதானால் அன்றைய பயணமே கெட்டுவிடும். 2023 ஜூலை 24 அன்று எல்ஸ்மியர் ஸ்டேஷனுக்கு அருகே ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டு, அந்தத் தடம் ஒரேயடியாக மூடப்படும்வரை 38 ஆண்டுகள் அப்படியே போனது. அந்த மேல்தளத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அங்கே முதலில் ஓடுவதாக இருந்தவை ஸ்ட்ரீட்கார் (டிராம்) வகை வண்டிகள். மாகாண அரசு தன் நிறுவனம் உருவாக்கிய புதிய தொழில்நுட்பத்தை வலியுறுத்தியது. ஸ்ட்ரீட்கார் திரும்புவதற்கென அமைத்த வளையம் புதிய வண்டிக்குச் சரிவராமல், சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. எந்த வண்டி ஓடப்போகிறது என்று உறுதியாகும் முன் ஸ்டேஷனைக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரி, இப்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன?

ஒரே நடைமேடையில் எதிர்ப்பக்கம் ஏறுவது

பயணிக்கு இதைவிட நல்லது இல்லை. இறங்குகிறோம், பத்தடி நடக்கிறோம், எதிரில் நிற்கும் ரயிலில் ஏறுகிறோம். பொஸ்டனின் நோர்த் ஸ்டேஷனில் நகர் நோக்கிப் போகும் இலகு ரயிலும் சப்வேயும் இப்படி ஒரே நடைமேடையின் இரு பக்கமும் வருகின்றன.

தாழ்தள எல்ஆர்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஓர் அடி உயரம்தான் இருக்கும், சப்வேயின் தரை இடுப்பளவுக்கு மேல் இருக்கும், ஆகவே இரண்டும் ஒரே நடைமேடைக்கு வர முடியாது என்று சொல்வார்கள். அது தீர்க்கக்கூடிய சிக்கல். ஸ்டேஷனுக்குள் ஒரு தண்டவாளத்தை மற்றதைவிட உயர்த்திப் போட்டால் போதும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1955 முதல் சப்வே வகை ரயிலும் இலகு ரயிலும் ஒரு பகுதியில் ஒரே தண்டவாளத்திலேயே ஓடுகின்றன. அங்குள்ள ஸ்டேஷன்களில் நடைமேடையின் ஒரு பகுதி உயரமாகவும் இன்னொரு பகுதி தாழ்வாகவும் இருக்கும். பழைய வண்டிகளை மாற்றும் காலம் வந்தபோது இரண்டு சேவைக்கும் ஒரே வகை வண்டி வாங்க முடிவெடுத்தார்கள். எழுபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எடுத்த அந்த முடிவே போதும், உயர வித்தியாசம் எவ்வளவு தொல்லை தரும் என்று சொல்ல.

கென்னடியில் உண்மையான தடை வேறு. அங்கே சப்வேயின் நடைமேடை நடுவில் இருக்கிறது, தண்டவாளங்கள் அதன் இரு பக்கமும் போகின்றன. எல்ஆர்டி வந்து ஒட்டி நிற்க அந்த நடைமேடையில் வெறும் ஓரமே இல்லை. சப்வே தண்டவாளத்தை நகர்த்தாமல் இது நடக்காது, ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் அதை யாரும் செய்யப்போவதும் இல்லை. புதிதாக இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கட்டும் ஊர்களுக்கு இந்த வடிவத்தைத்தான் சொல்வேன். கென்னடிக்கு இது கடந்துபோன வாய்ப்பு.

ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் நேர்ப்படி

உலகில் அதிகம் கட்டப்படுவது இதுதான். ஒரு தடத்தின் நடைமேடை மேலே, மற்றது கீழே, இரண்டுக்கும் நடுவில் படியும் எஸ்கலேட்டரும் லிஃப்டும். நன்றாக அமைந்தால் ஒரு நிமிடத்தில் மாறிவிடலாம்.

பொஸ்டனின் பார்க் ஸ்ட்ரீட் இதற்குப் பழைய உதாரணம். 1897 இல் அமெரிக்காவின் முதல் சுரங்கத் தடம் அங்கே திறந்தது. அதில் ஓடியவை டிராம்கள். 1912 இல் அதற்கு அடியில் சப்வே வந்தது. மேல் நடைமேடையிலிருந்து கீழ் நடைமேடைக்கு நேராகப் படிகள் இறங்குகின்றன. கீழே சப்வேக்கு நடுவில் ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று என மூன்று நடைமேடைகள். ரயிலின் கதவுகள் இரு பக்கமும் திறக்கும். கூட்டம் பிரிந்து இறங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை யோசித்துச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸின் செவன்த் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலும் இலகு ரயில் மேல்தளத்தில், சப்வே அதற்குக் கீழ்த்தளத்தில். நடுவில் வேறு மண்டபம் எதுவும் இல்லாமல் நேராக இறங்கலாம்.

அந்த "நேராக" என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிய சான் பிரான்சிஸ்கோவைப் பார்க்க வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் அடியில் நான்கு ஸ்டேஷன்களில் நகரத்தின் முனி இலகு ரயிலும் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகும் பார்ட் ரயிலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. பார்ட் அடியில், முனி அதன் மேல், எல்லாவற்றுக்கும் மேலே மண்டபம். பார்ட்டில் வந்தவர் முனிக்கு மாற வேண்டுமென்றால் முனியின் தளத்தைக் கடந்து மண்டபம்வரை ஏறி, ஒரு கட்டணக் கதவால் வெளியே வந்து, இன்னொரு கட்டணக் கதவால் உள்ளே போய், மறுபடி ஒரு தளம் இறங்க வேண்டும். போக வேண்டிய நடைமேடையைச் சுவருக்கு அப்பால் வைத்துக்கொண்டே மேலே ஏறுகிறார்கள். இரண்டு நிறுவனங்கள், இரண்டு கட்டணங்கள். அதனால் வந்தது இது. கட்டடம் ஒன்றாக இருந்தும் நிர்வாகம் பிரிந்திருந்தால் பயணிதான் படி ஏறுகிறார். கென்னடியில் சப்வே, எல்ஆர்டி, புறநகர்களுக்குப் போகும் கோ ரயில் மூன்றும் சந்திக்கும். கோவுக்குத் தனிக் கட்டண முறை. ஆகவே கதவுகளை எங்கே வைக்கிறார்கள் என்று இப்போதே கேட்க வேண்டும்.

இந்த வடிவத்தின் விலை எங்கே ஏறுகிறது என்பதை எக்லின்டன் ஸ்டேஷனில் பார்த்தோம். 1954 இல் திறந்த பழைய ஸ்டேஷனுக்கு அடியில் ஐந்தாம் தடத்தின் ஸ்டேஷனைக் கட்ட வேண்டியிருந்தது. மேலே ரயில் ஓடிக்கொண்டே இருக்க, அதன் கீழ் மண்ணை எடுத்து, பழைய கட்டுமானத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். புதிய படிகளோடு பொருந்துவதற்காக மேலே முதலாம் தடத்தின் நடைமேடையையே வடக்குப் பக்கம் நகர்த்தினார்கள். பழைய ஸ்டேஷனின் கட்டுமானத்தில் எதிர்பாராத குறை ஒன்று தெரியவந்தது. 2020 இல் தாமதத்துக்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. பழைய ஸ்டேஷனுக்கு அடியில் போவது என்றால் என்ன இருக்கிறதென்று முழுதாகத் தெரியாத இடத்துக்குள் போவது. ஆழமும் ஒரு விலைதான். மொன்றியாலில் எதுவார்-மோன்பெத்தி ஸ்டேஷனில் ஆர்இஎம் என்ற புதிய இலகு ரயில் தடம் தரைக்கு ஏறக்குறைய 70 மீட்டர் அடியில் ஓடுகிறது, அங்கிருந்து மெட்ரோவுக்கு மேலே வர லிஃப்டை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கென்னடியில் இது தலைகீழாக நமக்குச் சாதகம். சப்வே ஏற்கெனவே கீழே இருக்கிறது, எல்ஆர்டி நிலமட்டத்தில் வரப்போகிறது. அடியில் எதையும் தோண்டாமலே ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். இதைப்பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து திரும்பும் ஸ்ட்ரீட்கார்

ரொறன்ரோவின் சொந்த மரபு இது. பிரோட்வியூ, பாத்தர்ஸ்ட், டண்டாஸ் வெஸ்ட் ஸ்டேஷன்களில் ஸ்ட்ரீட்கார் நேரே ஸ்டேஷன் வளாகத்துக்குள் நுழைந்து, வளைந்து, பயணிகளை இறக்கி ஏற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது. இறங்கியவர் கட்டணக் கதவைக் கடக்காமலே சப்வேக்கு இறங்கிவிடலாம். செயின்ற் கிளேயர் வெஸ்டில் அந்த வளையம் நிலத்தடியில் இருக்கிறது. ஸ்பதைனாவிலும் அப்படித்தான், 1997 முதல் 510 ஆம் எண் ஸ்ட்ரீட்கார் அங்கே வருகிறது. மழையும் பனியும் இல்லாமல், பெரிய செலவும் இல்லாமல் கிடைத்த வசதி. இதை நம் ஊர் போதியளவு பாராட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

யூனியன் ஸ்டேஷன் வளையத்தில் இதன் எல்லையும் தெரிகிறது. 1990 இல் திறந்தபோது ஏரிக்கரையில் இன்றிருக்கும் மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை இல்லை. வளையம் குறுகியது, நடைமேடை ஒடுங்கியது. இறங்குபவர்களும் ஏறக் காத்திருப்பவர்களும் அதே சிறு இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். விரிவாக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கென்னடியில் வளையமே தேவைப்படாது. ரொறன்ரோ ஸ்ட்ரீட்காருக்கு ஒரு முனையில்தான் ஓட்டுநர் அறை, ஒரு பக்கம்தான் கதவு, அதனால் சுற்றித் திரும்பியாக வேண்டும். எல்ஆர்டி வண்டிக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. வந்த தண்டவாளத்திலேயே திரும்பிப் போகலாம். நீளமான, நேரான ஒரு முட்டுமுனை போதும். கூர்மையான வளைவில் சக்கரம் கீச்சிடும் சத்தமும் இல்லை, வளையத்துக்கான நிலமும் மிச்சம்.

தெருவில் நிறுத்தி நடக்கவிடுவது

நகர மையத்தில் கிங் போன்ற ஸ்டேஷன்களில் இப்படித்தான். ஸ்ட்ரீட்கார் தெருவில் நிற்கும், இறங்கி நடைபாதைக்கு வந்து படியிறங்க வேண்டும். 2018 இல் பிரெஸ்டோ கட்டண அட்டைக்கு இரண்டு மணிநேர இலவச மாற்றம் வந்த பிறகு, கட்டணக் கதவுக்கு வெளியே போய் மறுபடி உள்ளே வருவதால் பணம் இழப்பதில்லை. செலவு மிகக் குறைவு. பல தெருக்களில் பல வழியாக மக்கள் பிரிந்து போகும் நகர மையத்துக்கு இது பொருந்தும். கென்னடியில் பொருந்தாது. எக்லின்டன் அகன்ற, வேகமான சாலை. அங்கே நடுத்தெருத் தரிப்பிடத்தில் இறங்கி, சிக்னலுக்குக் காத்து நின்று, பெப்ரவரிக் காற்றில் சாலையைக் கடந்து ஸ்டேஷனுக்குள் போகச் சொல்வது, பஸ்ஸில் வந்தவருக்கு இன்று கிடைக்கும் வசதியைக்கூடப் பறிப்பது. பஸ் இன்று ஸ்டேஷன் வளாகத்துக்குள்ளேயே வருகிறது!

நீண்ட நடைவழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பதைனா ஸ்டேஷனில் முதலாம் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் இடையே ஏறக்குறைய 150 மீட்டர் நிலத்தடி வழி இருக்கிறது. 1978 இல் திறந்தபோது அதில் நகரும் நடைபாதை இருந்தது. 2004 இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் தடம் மாறுபவர்கள் பொதுவாக அங்கே இறங்குவதே இல்லை. அடுத்த ஸ்டேஷனான செயின்ற் ஜோர்ஜில் இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்று, ஒரு படி இறங்கினால் முடிந்தது. பயணிகளுக்குத் தெரிவு கிடைத்தால் எதை எடுப்பார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. கென்னடியில் அடுத்த ஸ்டேஷன் என்ற தெரிவு இருக்காது.

என் தெரிவு

நிலமட்டத்தில், ஸ்டேஷன் கூரைக்குள், சப்வே நடைமேடைக்கு நேர்மேலாகவோ முடிந்தவரை அதற்கு அருகிலோ எல்ஆர்டி முட்டுமுனை. அங்கிருந்து சப்வே நடைமேடைக்குப் போகும் வழி கூடியவரை ஒரே இறக்கமாக இருக்க வேண்டும், மண்டபத்தைச் சுற்றிப் போகக் கூடாது. இரண்டாம் வடிவத்தையும் மூன்றாவதையும் சேர்த்த கலவை இது. ஃபின்ச் வெஸ்டில் செய்ததுபோல, தெருவில் ஓடும் எல்ஆர்டியைக் கடைசியில் நிலத்தடிக்கு இறக்கி சப்வேயோடு சேர்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் கென்னடியின் நிலத்தடியை ஐந்தாம் தடமும் சப்வே நீட்டிப்பும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. அந்தப் பணத்தை மேலே, மக்கள் நிற்கும் இடத்தில் போடலாம்.

இரண்டு வண்டிகளின் அளவு வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். ஆறு பெட்டி சப்வே ரயிலில் ஆயிரம் பேருக்கு இடம் உண்டு. மாலையில் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து கூட்டத்தைக் கொட்டும். மேலே எல்ஆர்டி அவ்வளவு அடிக்கடி வராது, அவ்வளவு பெரிதும் இல்லை. ஆகவே காலையில் கீழே கூட்டம் தேங்காது, மாலையில் மேலே தேங்கும். ஒரு எஸ்கலேட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 90 பேரைத்தான் ஏற்றும். மேல் நடைமேடையில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கி நின்றால், ஏறி வருபவர்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. எஸ்கலேட்டரின் மேல்முனையில் அப்படி நடப்பது ஆபத்து. இறங்குபவர்களுக்கு ஒரு பக்கம், ஏறுபவர்களுக்கு மறுபக்கம் எனத் தண்டவாளத்தின் இரு ஓரத்திலும் நடைமேடை வைத்தால் இது பெரும்பாலும் தீரும். எல்ஆர்டி வண்டிக்கு இரு பக்கமும் கதவு இருப்பதால் தடை எதுவும் இல்லை. பொஸ்டனில் சப்வேக்குச் செய்ததை இங்கே எல்ஆர்டிக்குச் செய்யலாம்.

படிகள் சப்வே நடைமேடையின் எந்த இடத்தில் இறங்குகின்றன என்பதும் அதே அளவு முக்கியம். சப்வே நடைமேடை 150 மீட்டர் நீளம். படி ஒரு முனையில் மட்டும் இறங்கினால், மாற வேண்டியவர்கள் எல்லாரும் அந்த முனைப் பெட்டியில்தான் ஏறுவார்கள். ஒரு பெட்டி பிதுங்கும், மற்றவை காலியாக ஓடும். நடுவில் ஒன்று, முனையை ஒட்டி ஒன்று என இரண்டு இடத்தில் இறங்க வேண்டும்.

லிஃப்டைப்பற்றியும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒன்ராறியோவின் 2005 ஆம் ஆண்டு அணுகல் சட்டம் 2025 ஐ இலக்காக வைத்தது. அந்த ஆண்டு வந்தபோதும் ரொறன்ரோ சப்வேயில் லிஃப்ட் வேலை முடியாத ஸ்டேஷன்கள் இருந்தன. லிஃப்ட் இருக்கும் பல இடங்களில் ஒரே ஒரு லிஃப்ட். அது பழுதானால் சக்கர நாற்காலியில் வருபவர், தள்ளுவண்டியில் பிள்ளையோடு வரும் தாய், முழங்கால் வலியோடு வரும் அப்பம்மா எல்லாருக்கும் அன்று ஸ்டேஷன் மூடியதுபோலத்தான். எல்லாரும் மாறியே ஆக வேண்டிய ஸ்டேஷனில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரண்டு லிஃப்ட் வேண்டும். மோர்னிங்சைட்டில் ஏறிய முதியவரை கென்னடியில் இறக்கி, திரும்பிப் போகச் சொல்ல முடியாது.

பணம் குறைந்தால் எதை வெட்டலாம் என்ற பேச்சு நிச்சயம் வரும். கூரையின் அலங்காரத்தை வெட்டலாம், சுவர் ஓடுகளை வெட்டலாம், கடைகளுக்கான இடத்தைத் தள்ளிப்போடலாம். தண்டவாளத்தின் இரண்டாவது ஓர நடைமேடையை முதல்நாளே கட்ட முடியாவிட்டாலும் அதற்கான அகலத்தை விட்டுவைக்க வேண்டும். விட்டுவைப்பதும் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தால்தான் உதவும். குயீன் ஸ்டேஷனுக்கு அடியில் ஸ்ட்ரீட்கார் சுரங்கத்துக்கென 1950களில் கட்டிவைத்த கூடு ஒன்று இருக்கிறது. அந்த ஸ்ட்ரீட்கார் வரவே இல்லை. இப்போது கட்டப்பட்டுவரும் ஒன்ராறியோ தடம் என்ற புதிய சப்வே அதையும் தாண்டி இன்னும் ஆழத்தில் போகிறது. கென்னடியில் எந்த வண்டி, என்ன நீளம், எந்த இடம் என்பதெல்லாம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அங்கே விடும் இடம் வீணாகாது.

திட்டக் கூட்டங்களில் வரைபடத்தை விரித்துக் காட்டும்போது கேட்க வேண்டியவை இவை. எல்ஆர்டி கதவிலிருந்து சப்வே கதவுவரை எத்தனை மீட்டர்? நடுவில் எத்தனை கட்டணக் கதவு? எத்தனை இடத்தில் படி இறங்குகிறது? ஒரு லிஃப்ட் நின்றால் மற்றது எங்கே? தமிழில் கேட்டாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.